அன்னை சலேத்துக்குப் புது ஆல்டர்னேட்டர்

“பாண்டிய நாட்டு முத்து ரோமாபுரி அரசிகளின் கழுத்தில் கிடந்த காலந்தொட்டு இந்தக் கடலுக்கு எசமான் நாமே! நம்மைக் கேட்காமல் இங்கே ஓர் அலை எழுந்ததில்லை, ஓர் அலை விழுந்ததுமில்லை!” என்று முழங்கிவிட்டு, அடுத்த வாக்கியத்துக்காக ரோச் முதலாளி மூச்சை இழுத்தார். மைக் செத்துப்போனது. தோணியின் பேட்டரி இறங்கிவிட்டிருந்தது.

“ஏலே, எசமான கேக்காமலே மைக்கு நின்னுட்டுலே!” என்றான் கடைசி வரிசையில் ஒருவன். நூற்றைம்பது நாற்காலியும் சிரித்தது.

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் ‘அன்னை சலேத்து’ என்ற தோணியின் மேல்தளத்தையே மேடையாக்கி, எதிரே கரையில் நாற்காலி போட்டு நடந்த விழா அது. நடத்தியது தென்கடல் பாய்மரப் பாரம்பரியப் பேரவை. பேரவைக்குத் தலைவர் ரோச் முதலாளி. செயலாளர் அவர் மனைவி ஹில்டா. பொருளாளர் அவர் மைத்துனர். உறுப்பினர் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. அரசாங்கத் தாளில் பாய்மரக் கலம் என்று பதிவான அந்தத் தோணி வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வரும். அது பாய் விரித்ததை யாரும் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. உள்ளே ஓடுவது ஒரு பழைய லாரியின் டீசல் எஞ்சின்.

எஞ்சினுக்கு டிரைவர் மாசானம். ஊர் விளாத்திகுளம் பக்கம். கிணற்றுத் தண்ணீருக்கே வானத்தைப் பார்க்கிற கரிசல் காடு. டிராக்டர் பட்டறையில் தொழில் பழகி, எப்படியோ உருண்டு கடலுக்கு வந்து சேர்ந்தவன். இதுநாள்வரை அவனை எல்லாரும் ‘டிரைவரே’ என்றுதான் கூப்பிட்டார்கள். விழா அழைப்பிதழில் முதல்முறையாகத் ‘தலைமைப் பொறியாளர் திரு. மாசானம்’ என்று அச்சாகியிருந்தது. தோளில் நாலு தங்கக் கோடு வைத்த வெள்ளைச் சட்டை ஒன்றையும் முதலாளியே தைத்துக் கொடுத்திருந்தார்.

அந்தச் சட்டையில் மேடை ஓரமாக விறைத்து நின்ற மாசானத்தின் பக்கம் முதலாளி திரும்பினார். முதலாளி திரும்பியதும் சிரிப்பும் திரும்பியது. நூற்றைம்பது பேரும் தன்னைப் பார்ப்பதாக மாசானத்துக்குப் பட்டது. வாய்க்கு வந்த முதல் சொல்லைச் சொன்னான்.

“ஆல்டர்னேட்டர் பத்தல முதலாளி. பெருசு போடணும்.”

கீழே இறங்கிப் பார்க்காமல்தான் சொன்னான். ஆனால் சொன்ன விதத்தில் ஒரு கம்பீரம் இருந்தது. முதலாளி தலையாட்டினார், எஞ்சினோடு சுற்றி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் அந்தச் சின்ன உருண்டைதான் மூவாயிரம் ஆண்டுப் பெருமைக்குக் குறுக்கே நின்றது என்று தெரிந்ததில் அவருக்கு ஒரு நிம்மதி.

கூட்டம் கலைந்த பிறகு மாசானம் எஞ்சின் அறைக்குப் போனான். காலையில் மூன்று மணி நேரம் எஞ்சின் ஓடியிருந்தது. பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். பெல்ட்டை இறுக்கிப் பார்ப்போம் என்று ஸ்பேனர் பெட்டியைத் திறந்தான். பதினாறு இருந்தது. பதினெட்டு இருந்தது. பதினேழு இல்லை.

“ஓய் தேவபிரசாதம், பதினேழு எங்க?”

தேவபிரசாதம் மணப்பாட்டுக்காரர், தோணியில் கயிறும் நங்கூரமும் பார்க்கும் கலாசி. ஐம்பத்திரண்டு வயதில் முப்பது வருஷத்தைக் கடலில் கழித்தவர். கயிறு சுற்றிக்கொண்டே நிமிர்ந்தார்.

“பதினேழா? எம் மூத்தவளுக்குப் போன வருசமே பதினெட்டு முடிஞ்சிட்டுய்யா.”

“விளையாடாதேயும். பதினேழாம் நம்பர் ஸ்பேனரு. நீருதான் நங்கூரச் சங்கிலி போல்டுக்கு எடுத்தீரு.”

“எடுத்தேன், பெட்டியில போட்டேன். தோள்ல நாலு கோடு ஏறுனதும் கண்ணு தெரிய மாட்டேங்குதோ? என்ன ஓய் அது, பப்படமா காயப்போட்டிருக்கீரு?”

மாசானத்துக்குச் சுருக்கென்றது. தலைமைப் பொறியாளரிடம் ஒரு கலாசி பேசும் பேச்சா இது? “களவாண்டு வித்திருப்பீரு” என்றான், பக்கத்தில் நின்ற நாலு பேருக்கும் கேட்கும்படி.

தேவபிரசாதம் சிரிப்பதை நிறுத்தினார். கயிற்றைத் தொடர்ந்து சுற்றினார்.

பக்கத்துத் தோணியில் கேட்டால் ஒரு பதினேழு கிடைத்திருக்கும். கோடு வைத்த சட்டையோடு போய் ஸ்பேனர் இரவல் கேட்பதா என்று மாசானம் யோசித்தான். பெரியது போடுவதென்று முடிவான பிறகு பழையதைத் தடவிக்கொண்டிருப்பானேன் என்றும் தோன்றியது. பெட்டியை மூடினான்.

முதலாளி எதையும் அளவாக வாங்கிப் பழகாதவர். சாதாரண ஆல்டர்னேட்டர் ஒன்று போதாது என்று, மதுரையில் உடைப்புக்கு வந்த ஏசி பஸ்ஸிலிருந்து ஒன்றைக் கழற்றி வரவழைத்தார். தேங்காய் அளவு இருந்த இடத்தில் பூசணிக்காய் அளவு வந்து இறங்கியது. கூடவே தோணியின் பின்தளத்தில் தமக்கென்று தேக்கில் கட்டியிருந்த அறைக்கு ஒரு ஏசியையும் வாங்கிவிட்டார்.

பழைய ஆல்டர்னேட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டவள் சரண்யாதேவி. பழைய துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறாள். லாரி, டெம்போ, தோணி எல்லாவற்றுக்கும் வயரிங் அவள்தான். புதியதைத் தட்டிப் பார்த்துவிட்டு எஞ்சினைப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, இது இழுக்கிற இழுப்புக்கு ஒத்த பெல்ட்டு தாங்காது. எஞ்சினுக்குத் தண்ணி அடிக்கிற பம்பும் இதே பெல்ட்டுலதான ஓடுது? பெல்ட்டு வழுக்குனா சார்ஜும் ஏறாது, தண்ணியும் போகாது, எஞ்சின் வெந்துரும். ரெட்டைப் பள்ளம் வச்சு, பெல்ட்டு ஓடுற புல்லி கடைஞ்சு, ரெண்டு பெல்ட்டாப் போடுங்க.”

“எத்தன நாளாவும்?”

“லேத்துல நாலு நாளு.”

வெள்ளிக்கிழமை விழாவின் இரண்டாம் பாகம். நின்ற பேச்சு நின்ற இடத்திலிருந்து தொடரும் என்று முதலாளி புது அழைப்பிதழே அடித்துவிட்டார். இடையில் இருந்தது மூன்று நாள்.

மாசானத்துக்கு விஷயம் விளங்காமல் இல்லை. டிராக்டரில் அகலக் கலப்பை மாட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தவனுக்கு இது தெரியாதா? நேரே முதலாளி வீட்டுக்குப் போனான். அங்கே சென்னையிலிருந்து வந்த இரண்டு விருந்தாளிகள் கருவாட்டுப் பொரியலைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

“வாரும் வாரும். இவருதான் நம்ம சீஃப் எஞ்சினியர். பெரிய பெரிய கப்பல்லருந்து கூப்பிட்டும் போகாம நம்ம பாரம்பரியத்துக்காக இங்கன இருக்காரு” என்றார் முதலாளி. மாசானத்தைக் கூப்பிட்ட பெரிய கப்பல் எது என்று மாசானத்துக்கே தெரியாது. விருந்தாளிகள் எழுந்து கைகொடுத்தார்கள்.

“முதலாளி, அந்தப் பெல்ட்டு விசயமா...”

“வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லும்.”

கைகொடுத்த இருவரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“முடியும் முதலாளி” என்றான் மாசானம்.

ஒற்றைப் பெல்ட்டிலேயே மாட்டினான். தாங்கியை வெல்டு வைத்து, பெல்ட்டை இறுக்கும் போல்டைத் திருகு ஸ்பேனரால் கடித்துக் கடித்து முடிந்தவரை இறுக்கினான். கடித்ததில் போல்டின் தலை பாதி உருண்டு போனது. பதினேழாம் நம்பர் போல்டுதான் அதுவும்.

வெள்ளிக்கிழமை விழா ஜோராக நடந்தது. பங்குச் சாமியார் ஆல்டர்னேட்டரை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். அவர் முதுகு திரும்பியதும் காயிலுக்குள் ஈரம் போகாமல் மாசானம் வேஸ்ட் துணியால் துடைத்தான். தோணியின் கான்வாஸ் பாயை நாற்காலிகளுக்குப் பந்தலாக விரித்திருந்தார்கள். அதற்குப் பதில் பாய்மரத்தில் ஏறியது ஃபிளெக்ஸ் கடையில் நாலு மணி நேரத்தில் அடித்த ஒரு பாய். ஒரு பக்கம் இரட்டை மீன், மறுபக்கம் முதலாளியின் முகம். மைக் நிற்கவில்லை. முதலாளி ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு விருந்தாளிகளோடு தேக்கு அறையில் ஏசிக் காற்றில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் விடியற்காலையில் அன்னை சலேத்து மாலத்தீவுக்குக் கிளம்பியது. தோணியைச் செலுத்தும் தண்டல் மிக்கேல், மாசானம், தேவபிரசாதம், இன்னும் நாலு பேர். ஆக ஏழு உயிர். பந்தலைப் பிரித்ததும் எடுத்துப்போன கான்வாஸ் பாய் முதலாளி வீட்டு மாடியிலேயே தங்கிவிட்டது.

முதல் நாள் பெல்ட் அவ்வப்போது கீச்சிட்டது. புதுப் பெல்ட் அப்படித்தான் கத்தும் என்று மாசானம் சொன்னான். யாரும் கேட்காமலே இரண்டு முறை சொன்னான். தேவபிரசாதம் அவனோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் எஞ்சின் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் காலை, கன்னியாகுமரியை நன்றாகத் தாண்டி, பெரிய கப்பல்கள் போகும் பாதைக்குள் வந்திருந்தார்கள். முதலாளி அறைக் கதவுக்கு அடியில் தண்ணீர் கசிவதைக் கண்டு ஒரு கலாசி தோணி ஒழுகுகிறதென்று கத்தினான். தேவபிரசாதம் குனிந்து தொட்டார்.

“கடல் தண்ணியில்லலே. ஐஸ் மாதிரில்லா இருக்கு!”

காதைக் கதவில் வைத்தார்கள். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை போட்டோவுக்காகப் போட்ட சுவிட்சை யாரும் அணைக்கவில்லை; தோணி கிளம்பி எஞ்சின் ஓடத் தொடங்கியதிலிருந்து, பூட்டிய காலி அறையை அது குளிர வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. தோணியின் ஏழு பேரும் வெயிலில் காய, முதலாளியின் நாற்காலி மட்டும் இருபது டிகிரியில் சுகமாக இருந்தது.

மாசானம் ஓடிப்போய் ஏசி வயரை வெட்டினான். காலம் கடந்திருந்தது. ஒரு நாளுக்கு மேல் பாரம் இழுத்து வழுக்கிய பெல்ட் நீண்டு, கண்ணாடிபோல் வழவழத்துக் கிடந்தது. எஞ்சின் அறை முழுக்கக் கறுப்புத் தூள், ரப்பர் கருகும் நாற்றம். பேட்டரி அடிமட்டத்தில் இருந்தது. பெல்ட்டுக்குப் பாரம் குறையட்டும் என்று ஆல்டர்னேட்டர் வயரையும் பிடுங்கிப் பார்த்தான். தளர்ந்த பெல்ட் தண்ணீர்ப் பம்பைக்கூட முழுதாகச் சுற்றவில்லை. வெப்பமுள் சிவப்பை நோக்கி ஏறியது.

“நிறுத்திட்டு வேற பெல்ட்டு மாட்டுலே” என்று மேலேயிருந்து தண்டல் குரல் கொடுத்தார்.

“நிறுத்துனா திரும்ப ஸ்டார்ட் ஆகாது தண்டலே. பேட்டரியில சத்து இல்ல.”

“பாயி இருக்குல்லா?”

எல்லாரும் பாய்மரத்தைப் பார்த்தார்கள். சுருட்டிக் கட்டிய ஃபிளெக்ஸிலிருந்து முதலாளியின் ஒரு கண் மட்டும் வெளியே தெரிந்தது.

“அப்போ ஓட்டத்துலயே இறுக்கு” என்றார் தண்டல்.

ஓடுகிற எஞ்சினில் பெல்ட்டை இறுக்குவதற்குச் சரியான ஸ்பேனர் இருந்தால் ஒரு ஆள் போதும். எட்ட நின்று, போல்டில் மாட்டி, கால் சுற்றுச் சுற்றினால் தீர்ந்தது. திருகு ஸ்பேனர் உருண்டுபோன போல்டில் வழுக்கியது. குறடு வழுக்கியது. கடைசியில் கடப்பாறையை ஆல்டர்னேட்டருக்கு அடியில் கொடுத்து ஒருவர் நெம்பிப் பிடிக்க, மற்றவர் குறட்டால் போல்டைப் பிடிப்பது என்று ஆனது. பூசணிக்காய் கனத்ததை நெம்பப் பலம் வேண்டும். மாசானம் மேலே பார்த்தான். தேவபிரசாதம் ஏற்கெனவே ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

“நவுரும். பொறியாளரு சட்டையில கறை பட்டுரும்.”

தோணி கிளம்பியதிலிருந்து அவனிடம் அவர் பேசிய முதல் பேச்சு. மாசானம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஸ்பேனரைப் பற்றித்தான் சொல்ல நினைத்தான். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

தேவபிரசாதம் கடப்பாறையைக் கொடுத்து நெம்பினார். பெல்ட் விறைத்தது, கீச்சு நின்றது. “பிடிச்சுக்கிட்டேம்லே, திருகு!” என்றார். மாசானம் திருகினான். குறடு வழுக்கி அவன் விரலைக் கிழித்தது. மறுபடி திருகினான். தோணி ஓர் அலையில் புரண்டது. கடப்பாறை நழுவி, அதோடு தேவபிரசாதமும் முன்னால் சாய்ந்தார். சட்டைக்கை பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் போனது. பின்னாலேயே கையும் போனது.

மாசானம் எஞ்சினை நிறுத்தினான். அதை நிறுத்த ஒரு நொடிதான் ஆயிற்று.

மேலே தூக்கிக்கொண்டு வந்து, தோணியில் மெத்தென்று இருந்த ஒரே இடமான வெங்காய மூட்டைகளின் மேல் கிடத்தினார்கள். முழங்கைக்கு மேலே கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார் தண்டல். ரேடியோவில் கூப்பிட்டார், விளக்கு மினுங்கியதே தவிர குரல் போகவில்லை. ஸ்டார்ட்டரை அழுத்தினால் ‘டொக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஃபிளெக்ஸை அவிழ்த்து ஏற்றினார்கள். காற்று வந்ததும் அது கம்பீரமாகப் புடைத்தது. பத்து நிமிஷத்தில் முதலாளியின் நெற்றியில் தொடங்கிய கிழிசல் தாடை வரை வந்து இரண்டு கீற்றாகப் படபடத்தது.

“தண்ணி தா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார் தேவபிரசாதம். கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் ஒரு முறை மாசானத்தைத் தேடிக் கண்ணைத் திருப்பினார்.

“நான் எடுக்கலலே” என்றார்.

“தெரியும் ஓய். தெரியும்” என்றான் மாசானம். அவனுக்குத் தெரியாது. அப்போதும் அவர்தான் எங்கோ போட்டிருப்பார் என்றே நினைத்தான்.

பொழுது சாயும் முன் தேவபிரசாதம் இறந்தார். மறுநாள் காலையில் குமரிக் கரையின் தூத்தூர் விசைப்படகு ஒன்று அவர்களைக் கண்டு கட்டி இழுத்தது.

தூத்துக்குடியில் இரங்கல் கூட்டம் அதே இடத்தில், அதே நாற்காலிகளில் நடந்தது. இந்த முறை மைக்குக்குக் கரையிலிருந்தே கரண்டு இழுத்திருந்தார்கள். “கடலன்னை தன் வீரமகனைத் தன் மடியிலேயே ஏந்திக்கொண்டாள்” என்றார் முதலாளி. வெங்காய மூட்டையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை போலும். தேவபிரசாதத்துக்குக் ‘கடல் வேங்கை’ என்ற பட்டம் பேரவையால் வழங்கப்பட்டது. கூட்டம் முடிந்ததும் முதலாளி மாசானத்தைத் தனியே அழைத்து ஒரு தாளை நீட்டினார். எச்சரித்தும் கேளாமல், ஓடும் எஞ்சினில் தானாகவே கை வைத்தார் என்று அதில் டைப் அடித்திருந்தது. அடியில் ‘தலைமைப் பொறியாளர்’ என்று போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

“இது நமக்குள்ள. உம்ம வேல எங்கயும் போகாது” என்றார் முதலாளி.

சரண்யாதேவி சொன்னது, விருந்தாளிகள் முன் தான் சொன்னது, வெட்டிய ஏசி வயர், எல்லாம் மாசானத்தின் தொண்டை வரை வந்தன. முதலாளி பேனா மூடியைத் திறந்து நீட்டினார். மாசானம் கையெழுத்துப் போட்டான்.

வெளியே தேவபிரசாதத்தின் மனைவி மெட்டில்டா நின்றிருந்தாள். அழுது முடித்த முகம்.

“அண்ணாச்சி, அவுஹ ஸ்பேனரு களவாண்டாஹன்னு சொன்னீயளாமே. கெளம்புறதுக்கு முந்தி போன் போட்டு, வீட்டுல எங்கயும் கெடக்கான்னு பாக்கச் சொன்னாஹ. அரிசிப் பானைக்குள்ள வரைக்கும் கைவிட்டுப் பாத்துட்டேன். எங்க வீட்டுல இல்ல.”

மாசானம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். போகிற வழியில் சரண்யாதேவியின் கடை. அவள் பழைய ஆல்டர்னேட்டரைச் சோதனை மோட்டாரில் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். மீட்டரைத் திருப்பிக் காட்டினாள்.

“சார்ஜு ஜம்முன்னு ஏறுது அண்ணாச்சி. பிரஷ்கூடத் தேயல. இந்தப் புல்லியப் பாருங்க, பாலிஷ் போட்ட மாதிரி மின்னுது. பெல்ட்டு லூசாக் கெடந்து வழுக்கியிருக்கு, அம்புட்டுதான். ஒரு போல்ட கால் சுத்து இறுக்கியிருந்தா இன்னும் அஞ்சு வருசம் ஓடும்.”

மாசானம் மூன்றாம் மைலில் இருந்த வீட்டுக்குப் போனான். மனைவி இசக்கியம்மாள் சோறு எடுத்து வைத்தாள். அவன் கை கழுவப் பின்பக்கம் போனான்.

கக்கூஸ் கதவின் தாழ்ப்பாள் சித்திரை மாதமே உடைந்துவிட்டது. அதற்குப் பதிலாக வளையத்தில் செருகியிருந்தது பதினேழாம் நம்பர் ஸ்பேனர். கொண்டுவந்து செருகியது மாசானம்தான்.